டப்பாவின் பின்பக்கம்

மாதம் பிறந்ததும் மளிகைக் கடைக்குப் போகிறோம். கண்ணுக்கு நேராகப் பளபளவென்று, பாலில் கலந்து குடிக்கும் சத்துமாவு டப்பாக்கள். பிள்ளை உயரமாக வளரும், புத்தி கூர்மையாகும் என்று முன்பக்கம் சொல்லும். தயவுசெய்து பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால், நம் காசு எங்கே போகிறது என்பது புரிந்துவிடும். 4 கிராம் சர்க்கரை என்றால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானங்களை எடுத்துவிடும்படி 2024-இல் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

அதே கடையில், ஒரு மூலையில் கேழ்வரகு இருக்கும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. பக்கத்திலேயே நிலக்கடலை. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய நாலு முட்டையின் புரதம். கூழாகவும் கடலை உருண்டையாகவும் நம் வீட்டுப் பெரியவர்கள் இவற்றைத்தானே கொடுத்தார்கள்!

கடலை வாங்கும்போது மட்டும் ஒன்றை உடைத்து மோந்து பாருங்கள். சிக்கு வாடையோ பூஞ்சையோ இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.