பெயர் சொல்லப்படாத அந்த நோயாளி

எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஒருவருக்கு மூலிகை மருந்தைக் கொடுத்துச் சோதிப்பது எப்போது அறமாகும், எப்போது கொடுமையாகும் என்னும் கேள்வி எலவனாசூர்கோட்டையில் கூடியிருக்கும் இந்த அவைக்கு அயலானதன்று. உளுந்தூர்ப்பேட்டையையும் சேலத்தையும் இணைக்கும் சாலை இவ்வூரின் வழியே இரவும் பகலும் லாரிகளைக் கொண்டு செல்கிறது; மேற்கே நிற்கும் கல்வராயன் மலையோ தலைமுறை தலைமுறையாக வைத்தியர்களுக்குப் பச்சிலையும் வேரும் தந்து வருகிறது. நோய் பயணம் செய்யும் வழியும் மருந்து விளையும் மலையும் இத்தனை அருகில் அமைந்த ஊரில், இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருந்தாக வேண்டும்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வகத்தில் சோதித்து, அந்த உண்மையை நாட்டுக்கு அறிவித்தனர். அவ்விருவரையும் தமிழகம் எத்தனை முறை போற்றினாலும் தகும். ஆயினும் இரத்தம் கொடுத்த அப்பெண்கள் காவல் இல்லத்தில் அடைபட்டிருந்தவர்கள் என்பதும், கை நீட்டச் சொன்னபோது மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்மையில் இருந்ததா என்பதும் இன்றுவரை எண்ணிப் பார்க்கப்பட வேண்டியவை. அவர்களுள் எவர் பெயரும் எந்த மேடையிலும் ஒலித்ததில்லை. இந்த வரலாற்றின் நாயகர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், அது பெயர் சொல்லப்படாத அந்த நோயாளியே.

அதே நோயாளி அடுத்து வந்து நின்ற இடம் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையாகும். ஆங்கில மருந்துகள் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த 1990களில், அங்கே கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் தெய்வநாயகம் சித்த மருத்துவத்தின் துணையை நாடினார். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய மூன்றும் நோயாளிகளுக்கு வழங்கப்பட்டன. நவீன மருத்துவம் பயின்ற ஒருவர் தமிழ் மருத்துவத்தைக் கைக்கொண்டு நின்றார் என்ற செய்தி எந்தத் தமிழ் அவையிலும் கரவொலி பெறும், பெறவும் வேண்டும். கரவொலி அடங்கியபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேறு மருந்தே கிடைக்காதவன் ‘சரி’ என்று சொல்வது முழு ஒப்புதல் ஆகுமா? ஆய்வு நெறியில் தகவலறிந்த ஒப்புதல் என்று குறிக்கப்படுவது, மருந்தின் நன்மை, தீமை, மாற்று வழி ஆகிய மூன்றையும் அறிந்த ஒருவர், மறுத்தாலும் தமக்குரிய சிகிச்சை நின்றுவிடாது என்ற உறுதியோடு தரும் இசைவாகும். மாற்று வழியே இல்லாத காலத்தில் அந்த இசைவு பாதி இசைவுதான். அன்று அது இரக்கத்தால் நிகழ்ந்தது. இன்று அதே சூழ்நிலையை வலிந்து உண்டாக்குவது குற்றம்.

ஏனெனில் 2004 ஏப்ரல் 1 முதல் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. தாம்பரமும் அத்திட்டத்தின் முதல் மையங்களுள் ஒன்று. தொற்று உறுதியானவுடனே மருந்தைத் தொடங்குவதே நலம் என்பதை 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஐயமின்றிக் காட்டிவிட்டது. ஆகவே ஒரு மூலிகை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த மாத்திரையை நிறுத்தி வைக்க எவருக்கும் உரிமையில்லை. மூலிகையைச் சோதிக்கலாம், மாத்திரையோடு சேர்த்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, வைரஸ் அளவைத் தவறாமல் அளந்து சோதிக்கலாம்.

சோதனை என்றாலே தமிழ் மருத்துவத்துக்கு அவமதிப்பு என்று கருதுவோர் கீழாநெல்லியின் கதையை அறிய வேண்டும். வயல் வரப்பில் தானாக முளைக்கும் அச்செடியை, மஞ்சள் காமாலைக்குப் பாட்டிமார் அரைத்துக் கொடுத்த அச்செடியை, சென்னையில் எஸ்.பி. தியாகராசனும் உடனாய்வாளர்களும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றியவர்களிடம் சோதித்தனர். நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் அவர்களோடு இணைந்திருந்தார். ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூளும் மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 30 நாள் கொடுக்கப்பட்டன. தூளை உண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது; வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. 1988இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டபோது உலகம் தமிழகத்தைத் திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பயன் கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழாநெல்லி அதனால் சிறுமைப்படவில்லை. திறந்த கணக்கு வைத்திருந்ததனால்தான் அதன் வலிமையும் வரம்பும் உலகுக்குத் தெரிய வந்தன.

கணக்கே வைக்காதவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்து, மாதத்தில் ஒரு நாள் வந்து தங்கி, சுவரொட்டியில் ‘எய்ட்ஸ் பூரண குணம்’ என்று அச்சிட்டு, மாத்திரையை நிறுத்தினால்தான் மூலிகை வேலை செய்யும் என்று நோயாளியின் காதில் ஓதுகிறவர்கள் அவர்கள். சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே சீறும் இவர்கள் நடத்துவதும் சோதனைதான். ஒப்புதல் இல்லாத, பதிவேடு இல்லாத, இறந்தவரை எண்ணாத சோதனை. நோயாளி தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார். நோய் முற்றினால் பத்தியம் தவறியது என்று பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களை வரிசைப்படுத்தும் மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் எய்ட்ஸ் முதலிடத்தில் நிற்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டமோ, தகவலறிந்த ஒப்புதலின்றிச் சிகிச்சையும் ஆய்வும் கூடாது என்கிறது. சட்டம் இருந்தும் சுவரொட்டி கிழியவில்லை என்பதே இந்த மேடையின் ஆறாத மனக்குறை.

மூலிகைதானே, தீங்கென்ன என்பாரும் உளர். உணவில் நாள்தோறும் சேரும் பூண்டே, மாத்திரை வடிவில் செறிவாக உண்ணப்பட்டபோது, சாக்வினாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. இன்று பரவலாக வழங்கப்படும் டோலுடெக்ராவிர், இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உடன் சேர்ந்தால் உடலில் சரிவர ஏறுவதில்லை. இரும்பு கொண்ட அயச்செந்தூரமும் சுண்ணாம்புச் சத்து கொண்ட சங்கு பற்பமும் உண்போர் இதை அறிந்திருக்க வேண்டாமா? மருந்து குறைந்த இரத்தத்தில் வைரஸ் எதிர்ப்பாற்றல் பெறும். அதன்பின் அந்த மாத்திரையே பயனற்றுப் போகும்.

மூலிகை ஆய்வில் மலைவாழ் மக்களின் பங்கையும் மறக்கலாகாது. கேரளத்தில் காணிப் பழங்குடி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து மருந்து உருவானபோது, உரிமத் தொகையில் பாதி அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. கல்வராயன் மலையின் வேர் ஒன்று நாளை ஆய்வகம் ஏறுமானால், அதைக் காட்டிய மலையாளிப் பழங்குடியினருக்கும் அந்த நீதி கிடைத்தாக வேண்டும்.

அவையோரிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இதுவே: மூலிகை உண்போர் அதன் பெயரை ஏ.ஆர்.டி. மையத்தில் மறைக்காமல் சொல்லட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வைத்தியரிடம் அதையே எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்கட்டும். எழுத மறுப்பவரின் மருந்தை வாங்காதிருக்கட்டும்.