கேட்பதற்கு ஆள் இல்லாத எழுத்து



மலேசியத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் கொண்டுவருவதைப் பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். எந்த ஸ்கேனர் நல்லது, பழைய அச்செழுத்தைக் கணினி எப்படிப் படிக்கும் என்பதையெல்லாம் பின்வரும் அமர்வுகளில் அத்துறை வல்லவர்கள் சொல்வார்கள். தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டது அதற்கும் முந்திய கேள்வி. இவற்றை எடுத்துப் போட நமக்கு உரிமை இருக்கிறதா?

நம்மிடையே இதற்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. ஒன்று, “யார் கேட்கப்போகிறார்கள்?” மற்றது, “வேண்டாம் ஐயா, வழக்குப் போட்டுவிடுவார்கள்.” போன மாதம் வெளிவந்த நாவலை முழுசாகப் படமெடுத்துப் புலனக் குழுவில் அனுப்புகிறவர் முதல் கட்சி. நூறு வருடத்துக்கு முந்திய மாத இதழைக் கண்ணில் காட்டவே மறுக்கிறவர் இரண்டாம் கட்சி. இரண்டு கட்சியாரும் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒரு முறையாவது புரட்டியிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

நாம் கூடியிருக்கும் இந்தத் தீவிலிருந்தே தொடங்குகிறேன். 1883-இல் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்ற இதழை நடத்தினார். நாவலர் மறைந்தது 1908-இல். மலேசியச் சட்டப்படி இலக்கியப் படைப்புக்கான உரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டும். எந்த நாட்டுக் கணக்கைப் போட்டாலும் நாவலரின் எழுத்து இன்று எல்லாருக்கும் பொது. ஒட்டலாம், வெட்டலாம், தட்டச்சு செய்யலாம், விற்கவும் செய்யலாம். அந்த இதழின் ஒரு பிரதி யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால், அந்தத் தாளுக்குச் சொந்தக்காரர் அவர். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒருமுறை படமெடுத்துவிட்டால், “என் அனுமதியில்லாமல் அச்சிடக் கூடாது” என்று பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க அவரால் முடியாது. தாளின் சொந்தக்காரர் வேறு, எழுத்தின் சொந்தக்காரர் வேறு. சேகரிப்பாளர்கள் வருத்தப்படக் கூடாது. அவர்கள் காப்பாற்றியிராவிட்டால் நமக்குப் பேசவே ஒன்றும் இருந்திருக்காது. மரியாதைக்காக அவர்கள் பெயரைப் போடுவோம், போட்டே ஆக வேண்டும். அது சட்டக் கடமையன்று, மனிதக் கடமை.

சற்றுப் பின்னால் வந்தால் கணக்கு சிக்கலாகிறது. சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி ஐம்பதுகளில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர், இங்கே ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்கியவர். 1970 ஜூலையில் மறைந்தார். மலேசியச் சட்டத்தின் 50 ஆண்டுக் கணக்கு 2020 டிசம்பரோடு முடிகிறது. இந்தியாவில் 60 ஆண்டு. ஆக 2030 வரை. (தாகூரின் உரிமை முடியும் தறுவாயில் 50-ஐ 60 ஆக்கினார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை.) சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 70 ஆண்டு; அங்கே 2040 வரை காத்திருக்க வேண்டும். ஒரே சிறுகதை பட்டர்வொர்த்தில் பொதுச்சொத்து, ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் தனிச்சொத்து. இணையத்துக்குப் பாலமும் இல்லை, சுங்கச்சாவடியும் இல்லை என்பதால், மின்னூலகம் நடத்துகிறவர் எந்த நாட்டுச் சர்வரில் வைக்கிறோம், யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும்.

புனைபெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மலர்களில் எழுதியவர்களில் பலரை நமக்குப் புனைபெயரில் மட்டுமே தெரியும். ஆசிரியர் இன்னாரென்று தெரியாத படைப்புக்கு, வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டுதான் என்கிறது 17-ஆம் பிரிவு. ஆள் இன்னாரென்று தெரியவந்தால் மட்டுமே ஆயுட்காலக் கணக்கு. ஆகவே 1970-க்கு முன் அடையாளம் தெரியாத புனைபெயரில் வந்த கதைகளை நாம் தாராளமாகத் தொகுக்கலாம். இத்தனை நாள் யாரும் தொகுக்காமல் விட்டதற்குச் சட்டம் காரணமல்ல.

அடுத்து, மாணவர்கள் எப்போதும் கேட்பது: எத்தனை பக்கம் நகல் எடுக்கலாம்? பத்து விழுக்காடு என்று ஒருவர் சொல்வார், ஒரு அத்தியாயம் என்று இன்னொருவர். போட்டோஸ்டேட் கடைக்காரரிடம் கேட்டால் அட்டையோடு சேர்த்தே எடுத்துத் தருவார். சட்டத்தின் 13-ஆம் பிரிவில் அப்படி எண் எதுவும் கிடையாது. ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, விமர்சனம், மதிப்புரை, செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான கையாளல் உரிமை மீறல் ஆகாது என்று மட்டும் இருந்தது. 2012-இல் செய்த திருத்தம், அந்தப் பட்டியலுக்கு முன்னால் ‘உட்பட’ என்னும் பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தது. அதன் பிறகு பட்டியலில் இல்லாத நோக்கமும் நியாயமாக இருக்கலாம். எது நியாயம் என்று பார்க்க அமெரிக்கச் சட்டத்தில் உள்ளவை போன்ற நான்கு அளவுகோல்களையும் தந்தார்கள்: நோக்கம் என்ன, லாபத்துக்கா? படைப்பு எத்தகையது? எடுத்தது எவ்வளவு, அது அந்தப் படைப்பின் உயிர்நாடியா? அதனால் படைப்பின் சந்தை பாதிக்கப்படுமா?

நான்காவது அளவுகோலில் சற்று நிற்க வேண்டும். நம் நாட்டுத் தமிழ் நூலின் சந்தை எது என்று எல்லாருக்கும் தெரியும். எழுத்தாளர் தம் சொந்தச் செலவில் அச்சடிக்கிறார். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா. டத்தோ ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு உறை தருகிறார். வரிசையில் நின்று மற்றவர்களும் உறை தருகிறார்கள். அன்றிரவோடு விற்பனை முடிந்தது. மிச்சப் பெட்டிகள் வீட்டு மாடிப்படிக்கடியில். இருபது வருடம் கழித்து ஆய்வு மாணவி ஒருத்தி அந்நூலை நகலெடுத்தால் கெட்டுப்போகும் சந்தை என்று எதைக் காட்டுவது? நீதிமன்றம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே வாதத்தை வைத்து முழு நூலையும் இணையத்தில் ஏற்றிவிட முடியாது. தனி ஒருத்தியின் ஆய்வுக்கான நகல் வேறு, உலகத்துக்கே திறந்துவிடுவது வேறு. மீறல் நகல்களை விற்கவோ விநியோகிக்கவோ செய்து குற்றம் நிரூபணமானால், முதல் முறையே ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் என்கிறது 41-ஆம் பிரிவு, சிறையும் உண்டு.

டெல்லி தீர்ப்பைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடையின் மீதும் 2012-இல் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்துக்கு வேண்டிய பக்கங்களைத் தொகுத்து நகலெடுத்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அது ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் எடுக்கும் நகலுக்கு இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தரும் தனி விலக்கின் மேல் நிற்கிறது. அதே வாசகம் நம் சட்டத்தில் இல்லை. டெல்லித் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நமக்கு வேறொரு வழி இருக்கிறது. அமைச்சர் அறிவிக்கும் நூலகங்களும் கல்வி நிறுவனங்களும் லாபமின்றி, பொதுநலனுக்காக, நியாயமான முறையில் செய்யும் பயன்பாட்டை 13-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. இந்த வாசலை நம் தமிழ் நூலகத் தொகுப்புகளுக்காக எவ்வளவு திறக்கலாம் என்பதை நாளைய அமர்வு ஆராய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. 31-ஆம் பிரிவின்படி, பிறமொழி நூலைத் தேசிய மொழியில் பெயர்த்து வெளியிடப் பதிப்புரிமைத் தீர்ப்பாயத்திடம் உரிமம் கேட்கலாம். தேசிய மொழிக்கு மட்டும். தமிழ்ச் சிறுகதையை மலாயில் கொண்டுபோக இந்த வழி இருக்கிறது, மலாய் எழுத்தாளர் ஏ. சமாட் சைட்டின் நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர அவரிடமே போய் நிற்க வேண்டும்.

இனி, நம்மை மிகவும் வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். உரிமை உயிரோடு இருக்கிறது, உரிமையாளரைத்தான் காணோம். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இன் தொடக்கத்தில் நின்றது. ஒரு நாளிதழ் நின்றுபோனால் அதில் வந்ததெல்லாம் யாருடையது? ஊழியர் தம் பணியின் போக்கில் எழுதிய தலையங்கமும் செய்தியும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியைச் சேரும். வெளியிலிருந்து அனுப்பிய சிறுகதையும் கவிதையும் எழுதியவரையே சேரும். காரணம், எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது என்கிறது 27-ஆம் பிரிவு, அந்தக் காலத்தில் யார் எழுதி வாங்கினார்கள்? ஆகவே ஒரே பக்கத்தில் ஆறு சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஒருவர் கிள்ளானில், ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் பிள்ளைகள் மெல்போர்னில், மூவர் யாரென்றே தெரியாது. நூல்களிலும் இதே கதைதான். உள்ளட்டையைத் திருப்பினால் ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று இருக்கும், கீழே ஒரு தோட்டத்து முகவரி. அந்தத் தோட்டமே இப்போது வீடமைப்புத் திட்டம்.

உரிமை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு பாரதியின் கதையைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1921-இல் மறைந்தார். நூல் உரிமை மனைவி செல்லம்மாவிடமிருந்து உறவினர் விசுவநாத ஐயரின் பதிப்பகத்துக்குப் போனது. இசைத்தட்டு உரிமை தனியே பிரிந்து நகை வணிகர் ஒருவரிடம் போய், அவரிடமிருந்து படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டொன்றைச் சேர்த்ததும் செட்டியார் வழக்குத் தொடுத்தார். நாடே பாடும் பாட்டுக்கு நோட்டீஸ். அப்போது கிளம்பியதுதான் பாரதி விடுதலை இயக்கம். எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். செட்டியார் விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையைப் பெற்றது. பிறகு அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. ஒரு கவிஞனின் பதிப்புரிமையை அரசு வாங்கிப் பொதுவில் விட்டது உலகிலேயே இதுதான் முதல்முறை என்று வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார். இதைப் பற்றிய அவருடைய நூலைச் சட்டம் படிப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அதன் வழியில் தமிழ்நாடு அரசு நூற்றுக்கும் மேற்பட்டோரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்குத் தொகை, வாசகர்களுக்கு மலிவுப் பதிப்பு. பிழை மலிந்த பதிப்பும்தான்; பொதுச்சொத்து என்றால் மெய்ப்புப் பார்க்க வேண்டாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்தப் பொதுமை இல்லாமல் தமிழ் விக்கிமூலத்தில் இவ்வளவு நூல்கள் சேர்ந்திருக்காது. மலேசியாவில் நாட்டுடைமைத் திட்டம் ஏதும் இல்லை. கோலாலம்பூரோ பினாங்கு மாநில அரசோ அதைச் செய்யும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

அதனால்தான் உயிரோடிருக்கும் எழுத்தாளர்களை நான் வலியுறுத்திக் கேட்கிறேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-இல் வந்தன. அவற்றில் கையெழுத்திட்டால் உரிமையை இழந்துவிடுவோம் என்பது வீண் பயம். உரிமை உங்களுடையதே. இன்னின்ன நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. அதை மறைத்து யாரும் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆறு வகை உண்டு. ‘வணிகத்துக்கு அல்லாமல்’ என்ற வகையைத்தான் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அப்புறம் விக்கிப்பீடியாவிலும் விக்கிமூலத்திலும் அது ஏறாது. சிறு பதிப்பாளர் ஒருவர் ஐநூறு பிரதி போட நினைத்தாலும் உங்களைத் தேடி வர வேண்டும். பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிரலாம் என்ற வகையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மறுபதிப்பில் பணம் வரும் என்று நம்பும் நூலை விட்டுவிடுங்கள்; அச்சில் இல்லாததைக் கொடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரை மின்னூல் திட்டமும் இலங்கையின் நூலகம் வலைத்தளமும் இப்படிக் கேட்டும் நூல்களைச் சேர்த்தவைதாம்.

உங்கள் கோப்பில் நீல நிறத் தாள் ஒன்று இருக்கிறது. இங்கே வாசிக்கும் கட்டுரைக்கும், உங்கள் பழைய நூல்களுக்கும், உங்கள் காலத்துக்குப் பின் யாரைக் கேட்பது என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள். விருப்பமில்லாதவர்கள் வெறுமையாக விடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நிரப்புகிறவர்கள் தேநீர் இடைவேளைக்குள் வரவேற்பு மேசையில் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர், புனைபெயர் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் இன்னும் ஐம்பது வருடம் கழித்து இதே மண்டபத்தில் இன்னொரு கருத்தரங்கு கூட்ட வேண்டிவரும், அதற்கும் தலைமை உரை என்று ஒன்று இருக்கும்.