சேரியிலிருந்து தொடங்கும் கணக்கு



2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் மேல் காவுகொண்டது. கரையோரத்தில் கூலிவேலை செய்து பிழைத்த நம் மக்கள் பலர் நிவாரணப் பட்டியலில் விடுபட்டார்கள், முகாம்களிலும் ஒதுக்கப்பட்டார்கள். நோய்க் கணக்கு முகாமில் எடுக்கப்படுமானால், முகாமுக்குள் சேர்க்கப்படாதவரின் வயிற்றுப்போக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவேட்டில் ஏறாத தெருவுக்கு மருந்தும் வராது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, குடிநீர் ஏற்றும் மோட்டார்கள் பல நாள் ஓடவில்லை.

ஆகவே அடுத்த புயலுக்கு முன்பே நம் பெண்கள் நோட்டும் பேனாவும் எடுக்க வேண்டும். காய்ச்சல் எத்தனை பேருக்கு, அடிபம்பில் உப்புநீர் வருகிறதா, தொட்டியில் குளோரின் போட்டார்களா, கர்ப்பிணியைப் பார்க்கச் செவிலியர் வந்தாரா என்று வீடுவீடாக எழுத வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, கிராம சபையிலும் படிக்க வேண்டும். இந்த நினைவுநாளில் நாம் ஏற்கும் வேலை இதுவாக இருக்கட்டும்.