படைக்கலமும் பயிர்த்தொழிலும்

போர் முடிந்தது என்று செய்தித்தாளில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்துவிட்டு நாம் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். நேற்றுவரை காட்டில் துப்பாக்கியோடு திரிந்தவன் இன்று எங்கே போவான், எதை உண்பான் என்னும் கேள்வி அந்த வரிக்குப் பிறகுதான் பிறக்கிறது. அரசாங்கப் படையிலிருந்து விலகியவனுக்கு ஓய்வூதியம் உண்டு. ஊரில் மதிப்பும் உண்டு. கிளர்ச்சிப் படையில் இருந்தவனுக்கோ கதவைத் திறப்பாரும் அரியர். அத்தகையோரை உழவில் அமர்த்த முயன்ற ஒரு நாட்டின் அநுபவத்தைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள லைபீரியா, பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. சார்லஸ் டெய்லரின் கிளர்ச்சிப் படை 1989 டிசம்பரில் அண்டை நாடாகிய ஐவரி கோஸ்டிலிருந்து உள்ளே புகுந்தது. 1997-இல் தேர்தல் நடந்து டெய்லரே குடியரசுத் தலைவரானார். இரண்டே ஆண்டில், அவரை எதிர்த்து வேறு கிளர்ச்சிப் படைகள் எழுந்தன. 2003 ஆகஸ்டில் அக்கிரா நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை நாடு எரிந்தது. மாண்டவர் தொகை சுமார் 2,50,000 என்று மதிப்பிடுகிறார்கள். துப்பாக்கி ஏந்தியவருள் பலர், உங்களைவிட இளைய சிறுவர்கள். பள்ளியில் எழுத்துக் கற்க வேண்டிய பருவத்தில் அவர்கள் கற்றது வேறு.

உடன்படிக்கைக்குப் பின் ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆயுதங்களைத் திரும்பப் பெறும் வேலையைத் தொடங்கிற்று. 2004-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்து பெயர் பதிந்துகொண்டனர். கைக்கு வந்த துப்பாக்கிகளோ முப்பதாயிரத்திற்கும் குறைவு! சுமை தூக்கியவர், சமைத்துப் போட்டவர், போர்க்களத்தையே பாராதவர் எல்லாரும் வரிசையில் நின்றனர் என்பது இதிலிருந்து விளங்கும். வந்தவர்களுக்கு இரண்டு தவணையாக 300 டாலர் கொடுத்தார்கள். பின்னர்ப் பலருக்குத் தச்சு, கொத்து, மோட்டார் பழுது பார்த்தல் முதலிய தொழில்களையும் கற்பித்தார்கள். ஆனால் இடிந்து கிடந்த நாட்டில் தச்சனைக் கூப்பிட்டு நாற்காலி செய்யச் சொல்பவர் யார்? பணம் சில வாரத்தில் கரைந்தது. பலர் பழைய தலைவர்களின் பின்னாலேயே ரப்பர்த் தோட்டங்களுக்கும் பொன்னும் வைரமும் கிடைக்கும் காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கத்ரி என்னும் பெரிய ரப்பர்த் தோட்டம் 2006 வரையில் முன்னாள் போராளிகளின் பிடியிலேயே இருந்தது.

இப்படி மிஞ்சி நின்றவர்களை நாடிச் சென்றது ஒரு தொண்டு நிறுவனம். நிலக்கண்ணி ஒழிப்புப் பணியிலிருந்து இத்துறைக்கு வந்த அமைப்பு அது. போங் மாவட்டத்தில் துமுத்து என்னும் இடத்திலும், சினோ மாவட்டத்தில் ஓரிடத்திலும் பயிற்சிப் பள்ளிகளை நிறுவியது. மூன்று நான்கு மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். உணவும் உடையும் மருத்துவமும் கொடுத்து, நெல், காய்கறி, கோழி வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பித்தார்கள். எழுத்தும் எண்ணும் கற்பித்தார்கள். மனத்தில் படிந்த போரின் கொடுமையைப் பேசித் தணிக்கவும் ஆள் இருந்தது. பயிற்சி முடிந்ததும், குடியேற விரும்பிய ஊருக்கு அழைத்துச் சென்று, பயிரிட நிலம் கிடைக்க வழி செய்து, கருவிகளையும் விதைகளையும் இரண்டு தவணையாகத் தருவது என்பது ஏற்பாடு.

இவ்விடத்தில் அந்நாட்டு வேளாண்மையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அங்கும் சோறுதான் உணவு. 1979-இல் அரிசி விலையை உயர்த்தப் போவதாக எழுந்த பேச்சே தலைநகரில் பெருங்கலகத்தை மூட்டிற்று என்றால் அரிசியின் இடம் உங்களுக்குப் புரியும். ஆனால் நாம் உழவன் என்றதும் நினைக்கின்ற எருதும் கலப்பையும் அங்கே காண்பது அரிது. மேட்டுக் காட்டை வெட்டரிவாளால் வெட்டிச் சாய்த்து, உலர்ந்தபின் எரித்து, மழை தொடங்கியதும் மண்ணைக் கொத்தி நெல்லைத் தூவுகிறார்கள். பிறகு களை எடுப்பதும் பறவை ஓட்டுவதுமாக மாதங்கள் கழியும். வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து சோறு வேகும் நாள்வரை அரையாண்டுக்கு மேல் ஆகிவிடும். பொன் அரிப்பவனுக்கோ ஒரு வாரத்திலேயே கையில் காசு. இந்த வேறுபாடே சிக்கலின் ஆணிவேர் என்று நான் கருதுகிறேன். பசித்தவன் விதைநெல்லைக் குற்றித் தின்பதில் வியப்பில்லை. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று அறியாமல் பத்தாண்டு வாழ்ந்தவனுக்கு அரையாண்டு காத்திரு என்று சொல்வது எளிய உபதேசம் அன்று.

இந்தப் பயிற்சி பயன்பட்டதா என்பதைக் கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜீனி ஆனன் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. பயிற்சி பெற்றவர் நல்லவராக வாழ்ந்தார் என்றால், அவர் இயல்பாகவே ஊக்கமுடையவராக இருந்திருக்கலாம் அல்லவா? ஆதலின், விரும்பியவர் ஆயிரவரில் குலுக்கல் போட்டு ஒரு பகுதியினருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து 14 மாதம் கழிந்தபின் இரு சாராரையும் தேடிச் சென்று விசாரித்தார்கள். இடம் பெற்றவர்கள் பயிர்த்தொழிலில் மிகுதியாக ஈடுபட்டிருந்தார்கள். மாத வருமானம் சுமார் 12 டாலர் கூடியிருந்தது. சட்டத்திற்குப் புறம்பான தொழில்களில் செலவிட்ட நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அடியோடு விட்டவர்கள் சிலரே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலையில் நெல் வயல், மாலையில் கள்ளச் சுரங்கம் என்று வாழ்ந்தவர் பலர்.

அந்தச் சமயத்தில் உண்மையான சோதனை ஒன்று தானே வந்து வாய்த்தது. 2010 இறுதியில் ஐவரி கோஸ்டில் தேர்தல் தகராறு போராக மூண்டு 2011 ஏப்ரல்வரை நீடித்தது. கூலிப்படைக்கு ஆள் திரட்டுவோர் எல்லை கடந்து லைபீரியாவுக்கு வந்தார்கள். யாரைத் தேடி வருவார்கள்? பழகிய கைகளைத்தானே! பயிற்சி பெற்றவரிடத்தில் அந்த அழைப்புக்கு இருந்த நாட்டம் மற்றவரிடம் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அவருள்ளும் மிகக் குறைந்த நாட்டம் யாரிடம் என்றால், வழங்குவதில் நேர்ந்த தடையால் பொருள் கிடைக்காமல், அதற்கு ஈடாகப் பணம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களிடத்தில்! பொருள் பெற்றவனைவிடப் பெறப் போகிறவன் ஊரில் உறுதியாக நின்றான். பொருளும் எதிர்பார்ப்பும் இன்றி வெறும் பயிற்சி மட்டும் செய்த பயன் குறைவாகவே தோன்றியது.

நாம் பல இடங்களில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறோம். ஒரு மாதம் வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். மண்வெட்டி பிடிக்கத் தெரியாததனால் ஒருவன் காட்டிற்குத் திரும்புவதில்லை. மண்வெட்டி வாங்கக் காசும், விளையும்வரை ஊரில் நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லாததனால் திரும்புகிறான். சிறிய தவணையே ஆயினும், அடுத்தது வரும் என்ற நம்பிக்கை அவனுக்கு இரண்டாவது விளைச்சலைப் போன்றது.

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பக்கத்துக் குடிசைக்காரன் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன். அவன் வீட்டை எரித்தவர்களுள் ஒருவனுக்கே விதையும் வெட்டரிவாளும் கொடுக்கிறார்களே, தனக்கு என்ன என்று அவன் கேட்பான். கேட்பது நியாயமே. நிலம் தந்து அண்டையில் குடியேற இடம் விடுபவனும் அவனேயாதலால், அவனை விட்டுவிட்டு வகுக்கும் எந்தத் திட்டமும் அரைத் திட்டந்தான். அவனுக்கும் விதை கொடுப்பதற்கு ஆகும் செலவை நான் பெரிதாகக் கருதவில்லை.

ஐக்கிய நாடுகளின் படை 2018 மார்ச்சில் லைபீரியாவை விட்டு நீங்கியது. 2007 முதல் அங்கே பணியாற்றிய நம் இந்தியப் பெண் காவலர் அணி அதற்கு ஈராண்டு முன்னமே திரும்பிவிட்டது. 2003-க்குப் பின் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூளவில்லை. இந்தப் பயிற்சியாலேயே அது நேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் பேர் எங்கே, ஒரு லட்சம் பேர் எங்கே! ஆள் திரட்ட வந்தவர்கள் அந்த ஊர்களில் சிலரைக் கூப்பிட்டபோது, அவர்களுக்கு ஊரில் ஒரு வேலை பாக்கி இருந்தது.