நாம் பார்க்க வேண்டிய படங்கள்

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சாலைக் கடைவீதியிலிருந்தும் ராஜாஜி நகரிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, இளைஞர்களே! 

இன்றைக்கு நான் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயலாளர் அறிவித்தபோது சிலர் சிரித்தார்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, வாடகை வீடு நிலைக்கவில்லை, பிள்ளைகள் தமிழ் படிக்க வழியில்லை. இத்தனை இருக்கும்போது சினிமாவுக்கு என்ன அவசரம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இந்த ஊர்க் கொட்டகை ஒன்றுக்கு அழைத்துப் போனார். படத்தில் ஒரு திருடன் வந்தான். எண்ணெய் வழியும் தலை, அழுக்கு லுங்கி, உடைந்த மலையாளம். கதாநாயகன் அவனைப் "பாண்டி" என்று கூப்பிட்டு ஓங்கி அறைந்தான். கொட்டகை முழுவதும் சிரித்தது. என் தகப்பனாரும் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நாளையிலிருந்து வெளியே போனால் தமிழில் பேசாதே" என்று சொன்னார். ஒரு சட்டமும் அவரை அப்படிச் சொல்ல வைக்கவில்லை, ஓர் அதிகாரியும் சொல்ல வைக்கவில்லை. இரண்டரை மணி நேரப் படம் சொல்ல வைத்தது. அதனால்தான், தோழர்களே, சினிமா நமது சங்கத்தின் வேலைகளில் ஒன்று என்கிறேன்.

அன்று கொட்டகைக்குப் போனால்தான் படம். இன்று படம் நம் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. கைப்பேசியைத் திறந்தால், "இதைப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்" என்று நிறுவனத்தின் இயந்திரம் சிபாரிசு செய்கிறது. நேற்று ஒரு வெட்டுக்குத்துப் படம் பார்த்திருந்தால் இன்று பத்து வெட்டுக்குத்துப் படங்களை நீட்டுகிறது. அந்த இயந்திரத்துக்கு நம்மை யார் என்று தெரியுமா? நாம் எத்தனை நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தோம் என்பது மட்டும் தெரியும். நமக்கு எது வேண்டும் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த ஊரிலேயே நடந்த ஒரு காரியத்தை முதலில் சொல்கிறேன். 2024 மார்ச் 7ஆம் தேதி, நம் தம்பானூர் கைரளி திரையரங்கில், "சி ஸ்பேஸ்" என்ற இணையத் திரையை முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். இந்தியாவில் ஒரு மாநில அரசே நடத்த முன்வந்த முதல் ஓ.டி.டி. தளம் அது. பொறுப்பு கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடையது. 1975ல் அமைந்த கழகம். கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளை நடத்துகிறதே, அதே கழகம்தான். மாதச் சந்தா கிடையாது. பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு. தொடக்கத்தில் ஒரு முழு நீளப் படத்துக்கு 75 ரூபாய் வைத்தார்கள். அதில் பாதி, படம் எடுத்தவருக்கு. முதல் கட்டத்தில் 42 படங்கள். எந்தப் படத்தைச் சேர்ப்பது என்று பார்த்துச் சொல்ல 60 பேர் கொண்ட குழு. எழுத்தாளர் பென்யாமின், ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் போன்றவர்கள் அதில் இடம்பெற்றார்கள். ஆக, இங்கே சிபாரிசு செய்ய மனிதர்கள் இருந்தார்கள். இது நல்ல ஏற்பாடு. பெரிய நிறுவனங்கள் வாங்க மறுக்கும் சிறிய படங்களுக்கு ஒரு திண்ணை கிடைத்தது.

அந்தத் திண்ணையில் முதல் வரிசையில் உட்கார்ந்த படங்களில் ஒன்று "நிஷித்தோ". தாரா ராமானுஜன் என்ற பெண் இயக்குநர் எடுத்தது. பெண்கள் படம் எடுக்கக் கேரள அரசு கொடுத்த பணத்தில் உருவானது. 2021ஆம் ஆண்டுக்கான மாநில விருதுகளில் இரண்டாவது சிறந்த படம் என்ற பரிசை இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. கதை யாருடையது? வங்காளத்திலிருந்து கேரளத்துக்கு வேலைக்கு வந்த ருத்ரா என்ற இளைஞனுடையது. தமிழ்ப் பூர்விகம் கொண்ட சாவி என்ற பெண்ணுடையது. மரணத்தின் நிழலில் இவர்கள் சந்திக்கிறார்கள். சாவியாக நடித்தவர் நம் திருவனந்தபுரத்துக் கனி குஸ்ருதி. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நம் பெற்றோர் செய்த வேலைகளை இன்று வங்காளத்துப் பிள்ளைகளும் அசாம் பிள்ளைகளும் செய்கிறார்கள். நம்மைப் "பாண்டி" என்றவர்கள் அவர்களை "பெங்காளி" என்கிறார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நம்மில் சிலரும் அதே தொனியில் அப்படிச் சொல்கிறோம். அந்த நாக்கு திருந்துவதற்காகவே இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படம், "நண்பகல் நேரத்து மயக்கம்". லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது, எஸ். ஹரீஷ் எழுதியது. 2022 டிசம்பரில் நம் ஊர்த் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். பார்வையாளர் வாக்களித்துத் தரும் பரிசு அதற்கே கிடைத்தது. 2023ல் நெட்பிளிக்ஸில் வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் மலையாளிக் கூட்டம். வழியில் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்துப் பக்கம் வண்டி நிற்கிறது. ஜேம்ஸ் என்பவர், அதாவது மம்மூட்டி, இறங்கி நடக்கிறார். நேரே ஒரு வீட்டுக்குள் நுழைந்து, காணாமல் போன சுந்தரம் என்ற அந்த வீட்டு மனிதராகவே வாழத் தொடங்குகிறார். தமிழ்ச் சாப்பாட்டை முகம் சுளித்துச் சாப்பிட்டவர் தமிழிலேயே பேசுகிறார், வம்பளக்கிறார், வயலைப் பார்க்கிறார். இது என் வீடு இல்லையா என்று அவர் தவிக்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் "மலையாளத்தான் வந்திருக்கான்" என்கிறார்கள். இங்கே திரும்பினால் "தமிழன்" என்கிறார்கள். அந்தத் தவிப்பை இரு பக்கத்து மனிதரையும் இழிவு செய்யாமல் காட்டிய படம் இது. கேரள அரசு அதைத்தான் 2022ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாவது, தமிழ்ப் படம். லெனின் பாரதி இயக்கி, 2018ல் வெளிவந்த "மேற்குத் தொடர்ச்சி மலை". இதில் அடிதடி கிடையாது. தேனிப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து கேரள எல்லை ஏலத் தோட்டங்களுக்கு நடந்தே ஏறி, மூட்டையைச் சுமந்து இறங்கும் ரங்கசாமி என்ற கூலியின் வாழ்க்கை. அவன் ஆசை ஒரு துண்டு நிலம். அந்த நிலம் வருகிறது, பிறகு போகிறது. கடைசியில், தன்னுடையதாக இருந்த மண்ணில் எழுந்த காற்றாலைக்கு அவனே சீருடை போட்ட காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். நாம் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்று பிள்ளைகள் கேட்டால் மணிக்கணக்கில் விளக்க வேண்டாம். இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

நான்காவது, நாம் கட்டாயம் அறிய வேண்டிய வரலாறு. கமல் என்ற மலையாள இயக்குநர் 2013ல் வெளியிட்ட "செல்லுலாய்டு". மலையாள சினிமாவின் தந்தை என்று யாரைச் சொல்கிறார்கள்? ஜே.சி. டேனியல். அவர் யார்? இன்று தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அகஸ்தீஸ்வரத்துக்காரர். தம் நிலத்தை விற்று, இதே திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ கட்டி, "விகதகுமாரன்" என்ற மௌனப் படத்தை எடுத்தார். 1928 என்று சிலரும் 1930 என்று சிலரும் ஆண்டு குறிக்கிறார்கள். அந்தப் படத்தின் கதையே திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்பட்டு, தோட்டத்தில் கூலியாக வளரும் ஒரு பிள்ளையின் கதை. மலையாளத்தின் முதல் படமே புலம்பெயர்ந்தவன் கதை, தோழர்களே!

அதில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த உழைக்கும் பெண். அவர் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதை மேல்சாதியார் பொறுக்கவில்லை. கேபிடல் கொட்டகையில் திரையின் மேல் கல் விழுந்தது. அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ரோசி இந்த ஊரை விட்டே ஓடினார். நாகர்கோவில் பக்கம் போய், லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்ப் பெண்ணாகவே வாழ்ந்து மறைந்தார். நாம் பிழைக்க இங்கே வந்தோம். இந்த ஊரின் முதல் கதாநாயகி உயிர் பிழைக்க அங்கே போனார். சொத்தெல்லாம் இழந்த டேனியல் பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். வயதான காலத்தில் கேரள அரசின் உதவித்தொகைக்கு முயன்றபோது, அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1956ல் எல்லைக் கோடு நகர்ந்தது, மனிதர் நகரவில்லை. ஆனாலும் அவர் அந்நியர் ஆகிவிட்டார். 1975ல் காலமானார். பிறகு 1992ல் அவர் பெயரிலேயே கேரள அரசு தன் மிக உயர்ந்த திரைப்பட விருதை ஏற்படுத்தியது. மாலை கடைசியில் விழுந்தது. விழும்போது கழுத்து இல்லை.

ஐந்தாவது, "ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்". பாயல் கபாடியா இயக்கியது. 2024ல் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீயைப் பெற்றது. மும்பையில் செவிலியர்களாக வேலை பார்க்கும் மலையாளிப் பெண்களின் கதை. இதிலும் கனி குஸ்ருதி நடித்திருக்கிறார். இதை நம் மலையாளி அண்டை வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஏனென்றால் மலையாளியைப் போல் ஊர் விட்டு ஊர் போன இனம் இந்தியாவில் குறைவு. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் "லுங்கிக்காரர்களை விரட்டு" என்று சிவசேனை கிளம்பியபோது, தமிழன் எது, மலையாளி எது என்று பிரித்துப் பார்த்தா அடித்தார்கள்? இருவரும் ஒரே அடியைத்தான் வாங்கினோம். வாங்கிய அடியை நினைவுபடுத்திக்கொண்டால், கொடுக்கும் அடி குறையும்.

இந்த ஐந்தில் சில இந்தத் தளத்தில் இருக்கும், சில அந்தத் தளத்தில் இருக்கும், இடமும் மாறும். பெயரைக் குறித்துக்கொண்டு தேடிப் பாருங்கள். இந்த ஐந்தும் நம்மைப் புகழ்கிற படங்கள் அல்ல. நம்மைப் புகழும் படம் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. வேறு எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்றே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதில் வரும் உழைப்பாளிக்குப் பெயர் இருக்கிறதா, வெறும் "அண்ணாச்சி", "பாண்டி"தானா? அவனுக்கு ஒரு வீடும் அந்த வீட்டில் நாலு மனிதரும் இருக்கிறார்களா? அவன் பேச்சு கதையை நகர்த்துகிறதா, அல்லது பிறர் சிரிப்பதற்கு மட்டும் உதவுகிறதா? இந்தத் தராசில் நிறுத்தால் தமிழ்ப் படங்களும் தப்பாது. தமிழ்ப் படத்து மலையாளி யார்? டீக்கடை நாயர், அல்லது கவர்ச்சிக்கு ஒரு பெண். நம் பக்கத்து அழுக்கையும் பார்க்கத்தானே வேண்டும்?

இனி நாம் செய்ய வேண்டியவை.

முதலாவது, மாதம் ஒரு படம். இந்த அறையில், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியாவது, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்த பின் பேசுவோம். கூட்டாகக் காட்டுவதற்கு உரியவர்களிடம் முறையாக அனுமதி பெறுவோம், காசையும் கொடுப்போம். திருட்டுத்தனமாக இறக்கிப் பார்ப்பது வேண்டாம். டேனியலின் நிலத்தைத் தின்ற கடன் இன்றும் சிறிய படம் எடுப்பவனைத் தின்கிறது.

இரண்டாவது, தமிழில் வசன வரிகள் வேண்டும். நம் தாய்மார்கள் மலையாளம் பேசுவார்கள்; வாசிக்கத் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. "நிஷித்தோ"வில் தமிழ்ப் பெண்ணின் கதை வருகிறது. அதன் அடியில் தமிழ் வரி வேண்டும் என்று கேட்பது பேராசையா? 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் தாய்மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்று வகுத்தது. ஆகவே இந்தக் கோரிக்கையைப் பண்பாட்டுத் துறைக்குத் தமிழிலேயே எழுதுவோம். படத்துக்கு வரி கேட்கும் கடிதமே நம் மொழி உரிமைக்கும் ஒரு சோதனையாக இருக்கட்டும்.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. 2021 ஜூலையில் செங்கல்சூளைப் பிள்ளைகள், அதாவது இந்த ராஜாஜி நகர்ப் பிள்ளைகள், "அயன்" படத்துப் பாட்டுக் காட்சியைச் சட்டம் தப்பாமல் ஆடிக் கைப்பேசியில் படமாக்கினார்கள். ஊரெல்லாம் பார்த்தது. நடிகர் சூர்யாவே பார்த்துப் பாராட்டினார். ரவுடிப் பேட்டை என்று சினிமாக்காரர்கள் முத்திரை குத்திய இடத்தின் மேல் முதன்முறையாக வேறு வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தை யாரும் தானமாகத் தரவில்லை. நம் பிள்ளைகள் கையில் இருந்த கருவியால் உண்டாக்கினார்கள். தம்பிகளே, அடுத்த முறை இன்னொருவர் படத்தை ஆடிக் காட்ட வேண்டாம். பூக்கட்டும் உங்கள் பாட்டியை உட்கார வைத்து, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தப் பஞ்சத்தில் கிளம்பி வந்தாள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். அதை இந்த அறையில் முதலில் போடுவோம். பிறகு அந்த அரசுத் தளத்தின் கதவைத் தட்டுவோம்.

என் தகப்பனார் இன்று இல்லை. அன்று கொட்டகையில் அவர் ஏன் சிரித்தார் என்று நான் பல காலம் கோபத்தோடு யோசித்தது உண்டு. சிரிக்காமல் இருந்தால் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சிரித்திருக்கிறார். அந்தப் பயம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

முதல் படம் "நிஷித்தோ". அடுத்த மாதக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். உங்கள் தெருவில் தங்கியிருக்கும் வங்காளத்துத் தம்பிகளையும் கையோடு அழைத்து வாருங்கள்.