எந்தத் திரை வாங்கலாம்?

2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி, பிக்சர் டியூப் பெட்டி. எக்ஸ் கதிர் வெளியேறாமலிருக்க, அந்த வகைக் கண்ணாடியில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் சேர்மங்களைக் கலப்பார்கள்.

இன்று கடைகளில் எல்.இ.டி. என்று விற்பவை பெரும்பாலும் எல்.சி.டி. திரைகளே, பின்னால் எல்.இ.டி. விளக்கு எரிகிறது. அந்த ஒளி கசிவதால் திரையில் இரவு வானம் சற்றே வெளிறித் தெரியும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; அணைந்தால் முழு இருட்டு. வாணவேடிக்கைக் காட்சியை அதில்தான் பார்க்க வேண்டும்! ஆனால் விலை அதிகம். சேனல் முத்திரை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தடம் பதியவும் கூடும்.

விருதுநகர் வெயில் நிறையும் கூடத்தில் பகலெல்லாம் செய்தி ஓடும் வீட்டுக்கு, பிரகாசமான எல்.இ.டி.யே போதும்.