சமன் கேட்ட அடியார்கள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பௌத்தம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது காவியுடுத்த துறவியின் உருவமே. அரசன் விகாரை கட்டினான், பிக்கு அறம் உரைத்தார், மக்கள் கேட்டுத் தலைவணங்கினர் என்ற அளவிலேயே நாம் கற்ற வரலாறு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஆனால் ஆசிய நாடுகள் பலவற்றில் அந்நெறியைத் தம் தோளில் சுமந்து வந்தவர்கள் உழுதும் நெய்தும் தோல் பதனிட்டும் பிழைத்த இல்லறத்தார் ஆவர். அவ்வரலாற்றுள் நமக்கு மிக நெருங்கிய ஒன்றை, ஜப்பான் நாட்டில் நிகழ்ந்ததை, இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அயல்நாட்டுக் கதை நமக்கு நெருங்கியது எங்ஙனம் என்பது போகப் போக விளங்கும்.

கி.பி. 1173இல் பிறந்த ஷின்ரான் என்பார், ஒன்பதாம் வயதில் கியோட்டோ நகரை அடுத்த ஹியேய் மலையில் துறவு பூண்டார். இருபது ஆண்டுகள் கற்றும் நோற்றும் மனம் அமைதியுறாமையால், 1201இல் மலையை விட்டிறங்கி ஹோனென் என்னும் ஆசானை அடைந்தார். ஹோனென் உரைத்த நெறி எளியது. அமிதாப புத்தரின் திருப்பெயரை நம்பிச் சொல்பவர் எவராயினும் கடைத்தேறுவர். நூலறிவும் கடுநோன்பும் பொன்னும் பொருளும் அதற்கு வேண்டா. இதனை வெறும் பாமர பக்தி என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஏடு படிக்க ஓய்வில்லாதவனும், கோயில் எழுப்பப் பொருளில்லாதவனும், விலங்கறுப்பதையே தொழிலாகக் கொண்டவனும் வீடுபேற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், அந்த வாயிலின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்ட சொல் அது.

பழைய மடங்கள் முறையிட்டன, அரசவை சினந்தது. 1207இல் ஹோனெனும் ஷின்ரானும் துறவிகள் என்ற நிலை பறிக்கப்பட்டு வெவ்வேறு இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஷின்ரான் போய்ச் சேர்ந்தது வடகடலோரத்து எச்சிகோ. அதன்பின் அவர், தாம் துறவியும் அல்லர், உலகியலாரும் அல்லர் என்று அறிவித்துக்கொண்டார். மனைவி மக்களோடு வெளிப்படையாக வாழ்ந்தார். தண்டனை நீங்கிய பிறகு கிழக்கே ஹிட்டாச்சிப் பகுதிக்குச் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாட்டுப்புற மக்களிடையே அறம் உரைத்தார். தமக்குச் சீடர் என்று ஒருவரும் இலர் என்பது அவர் கொள்கை. வேட்டையாடுவோரையும் விலங்கறுப்போரையும் வணிகரையும் பற்றி எழுதுங்கால், ‘அவர்கள்’ என்று விலக்கி எழுதாமல், கல்லும் ஓட்டாஞ்சில்லும் போல ஒதுக்கப்பட்ட ‘நாம்’ என்ற கருத்திலேயே எழுதினார். இளைஞர்களே, இந்த ‘நாம்’ என்ற ஒரு சொல்லை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குக் கணக்குக் கேட்கும் நாள் வருகின்றது.

ஷின்ரானின் கல்லறையைச் சுற்றி வளர்ந்ததே ஹொங்கான்ஜி என்னும் திருமடம். அதன் எட்டாம் தலைவர் ரென்னியோ (1415-1499). 1465இல் ஹியேய் மலைத் துறவிகள் அம்மடத்தை இடித்துத் தள்ளினர். அவரோ 1471இல் வடக்கே யோஷிசாக்கிக்குச் சென்று, ஊர்தோறும் இல்லறத்தார் மாதந்தோறும் கூடும் சங்கங்களை வளர்த்தார். எழுத்தறியாதவரும் கேட்டு விளங்கிக்கொள்ளும் எளிய நடையில் மடல்கள் வரைந்தார். சங்கம் கூடும்போது ஒருவர் படிக்க மற்றவர் கேட்பர். வாய்மூடி இராதீர், ஐயத்தைக் கேளுங்கள், பேசினால்தான் பிழை திருந்தும் என்று அவர் வற்புறுத்தினார். கூடியவர்கள் உண்டு குடித்து ஊர்க்கதை பேசிக் கலைகின்றனரே என்று கடிந்துகொண்டதும் உண்டு. சங்கக் கூட்டங்களின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றே போலும்!

கூடிப் பேசப் பழகிய மக்கள் கூடி நிற்கவும் பழகினர். 1488இல் காகா நாட்டு அடியார்கள் தங்கள் ஆளுநன் தொகாஷி மசாச்சிகாவை வீழ்த்தினர். உழவரும் ஊர்த் தலைவரும் சிறு போர்வீரரும் மடத்தாரும் சேர்ந்து ஏறத்தாழ நூறாண்டுகள் அந்நாட்டைத் தம் கையில் வைத்திருந்தனர். இதனை ரென்னியோவே விரும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இறுதியில் ஒதா நொபுனாகா என்னும் படைத்தலைவன் பத்தாண்டுப் போருக்குப் பின் 1580இல் ஒசாக்காவிலிருந்த தலைமை மடத்தைக் கைப்பற்றினான். பின்வந்த ஆட்சியில் மடம் கிழக்கு என்றும் மேற்கு என்றும் இரண்டாயிற்று.

இனித்தான் நம் நெஞ்சைத் தொடும் பகுதி. தொகுகாவா ஆட்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு கோயிலின் ஏட்டில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. இறந்த விலங்கை அகற்றுவோர், தோல் தொழில் செய்வோர், காவலும் தண்டனையும் நிறைவேற்றும் இழிபணிக்கு விடப்பட்டோர் முதலியவர்களை ‘எதா’ என்றும் ‘ஹினின்’ என்றும் ஒதுக்கியிருந்தனர். முன்னதன் பொருள் அழுக்கு நிறைந்தோர். பின்னதன் பொருள் மனிதரல்லாதோர். இவர்தம் குடியிருப்புகளில் இருந்த கோயில்களில் மிகப் பல ஷின்ரானின் நெறியைச் சார்ந்தவை. ஆனால் ஷின்ரானின் மடமோ அவர்களுக்கென்று தனிக் கோயில், தனி ஏடு, தாழ்ந்த படிநிலை என்று வகுத்தது. இறந்தார்க்குக் கோயில் சூட்டும் அறப்பெயரிலும் விலங்கு, தோல், அடிமை என்று பொருள்படும் எழுத்துகளைச் சில துறவிகள் நுழைத்தனர். பல பிரிவினரும் இதனைச் செய்தனர். உயிரோடிருக்கையில் ஊருக்கு வெளியே. இறந்த பின்னும் கல்லில் அதே வசை.

1871இல் அரசு ஆணையொன்று அவ்விழிபெயர்களை ஒழித்தது. பெயர் ஒழிந்தது, பார்வை ஒழியவில்லை. ‘புராக்குமின்’, அதாவது குடியிருப்பு மக்கள் என்ற புதுச் சொல்லுக்குள் பழைய வெறுப்பு குடியேறிற்று.

1922 மார்ச்சு 3ஆம் நாள், கியோட்டோ நகரின் ஒகாசாக்கி மண்டபத்தில் அம்மக்கள் திரண்டு ‘சுய்ஹெய்ஷா’ என்னும் சமநிலைச் சங்கத்தை நிறுவினர். அதன் அறிக்கையை வரைந்த சாய்கோ மன்கிச்சி, நாரா மாவட்டத்துக் காஷிவாபராவில் அந்நெறிக் கோயிலொன்றிலேயே பிறந்த மகன். கருங்கொடியில் செந்நிற முள்முடி அவர்தம் சின்னம். 16 வயதே நிரம்பிய யமாதா கொனோஜிரோ மேடையேறிப் பள்ளியில் தம் இனப் பிள்ளைகள் படும் இழிவை எடுத்துரைத்தபோது அரங்கம் அழுதது. பள்ளிகளைப் பற்றிப் பேசும் நம் கழகத்தார் அச்சிறுவரை மறத்தலாகாது.

அன்று நிறைவேறிய தீர்மானங்களுள் ஒன்றை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தம் முன்னோரிற் பெரும்பாலோர் அடியாராய் இருந்த கிழக்கு, மேற்கு ஹொங்கான்ஜி மடங்கள் இரண்டும் இவ்வியக்கத்தைக் குறித்துத் தம் கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறவேண்டும். விடைக்கேற்ப நடந்துகொள்வோம் என்பது அது. அவர்கள் ஷின்ரானைக் கைவிடவில்லை. ஷின்ரானின் பெயரால் ஷின்ரானின் மடத்தைக் கேள்வி கேட்டனர். மடங்களோ நெறி தோன்றிய எழுநூறாம் ஆண்டு விழாவுக்கெனக் காணிக்கை திரட்டிக்கொண்டிருந்தன. அக்காணிக்கையைத் தரமாட்டோம் என்று சங்கம் மறுத்தது. அவ்வாண்டிலேயே புராக்குமின் கோயிலொன்றின் துறவி தலைமையில் ‘கருப்பங்கிக் கூட்டு’ எழுந்தது. காணிக்கைக்கேற்ப இருக்கையும் வண்ண உடையும் வழங்கும் முறையை எதிர்த்து, எளிய கருப்பு அங்கியே போதும் என்றனர் அவர்கள்.

வெற்றி எளிதில் வரவில்லை. 1975இல், புராக்குமின் ஊர்களின் பெயர்ப்பட்டியல் நூலாக்கப்பட்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு மறைவாக விற்கப்பட்டமை வெளியாயிற்று. 1979இல் அமெரிக்காவில் கூடிய உலக சமய மாநாட்டில், ஜென் பிரிவொன்றின் தலைவர் இன்று அத்தகைய பாகுபாடே இல்லை என்று பேசினார். கண்டனம் எழவே சில ஆண்டுகளில் அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதன் பின்னரே மடங்கள் தம் ஏடுகளையும் கல்லறைகளையும் தேடி, இழிபெயர்களை மாற்றத் தொடங்கின.

நம் நாட்டிலும் பௌத்தத்தை மீட்டெடுத்தோர் இல்லறத்தாரே. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவம் செய்து வாழ்ந்த குடும்பத்தவர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பிக்கு சந்திரமணியிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அடுத்து, துறவியல்லாத அவரே எழுந்து நின்று, கூடியிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தீட்சையும் 22 உறுதிமொழிகளும் அளித்தார். பிக்கு என்பவர் தம் நிறைவை மட்டும் நாடுபவரா, மக்கள் தொண்டரா என்ற கேள்வியையும் அவர் தம் நூலின் முன்னுரையில் எழுப்பி வைத்தார்.

அக்கேள்வி விகாரைகளுக்கு மட்டுமன்று. சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட எல்லாவற்றுக்கும் உரியது. நம் கழகக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்வோர் யார், பின்னால் நிற்போர் யார், பெண்கள் பேசுகின்றனரா என்று இளைஞர்கள் எழுந்து கேட்கலாம். மூத்தோர் நாம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.